செப்புத் தகடும் குழவிக் கல்லும்

சென்ற மாதம் ஒரு காரியமாகப் பதுளைக்குச் சென்றிருந்தேன். கோச்சியை விட்டிறங்கிக் கடைவீதியை நோக்கி நடந்து வருகையில், முச்சந்தியொன்றின் நடுவே, அறுத்துக் குங்குமம் தடவிய எலுமிச்சங்காய் ஒன்று கிடக்கக் கண்டேன். எனக்கு முன்னால் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் போய்க்கொண்டிருந்தான். கையிலே பௌதிகப் புத்தகம். காயைக் கண்டதும் அவன் கால் தயங்கிற்று. வீதியோரத்துக்கு ஒதுங்கி, அதனைச் சுற்றிக்கொண்டு அப்பால் போனான்.

"ஏன் தம்பி, மிதித்தால் என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"ஒன்றும் ஆகாது ஐயா. ஆனாலும் எதற்கு வீண் வம்பு?" என்று சொல்லிச் சிரித்தான்.

நானும் அந்தக் காயைச் சுற்றிக்கொண்டுதான் போனேன் என்பதை வாசகர்களிடம் ஒளிப்பது முறையன்று. படிப்பு, பத்திரிகைத் தொழில், தலை நரைத்த வயது என்று எத்தனை இருந்தும், கால் தானாகவே விலகுகிறது. இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? செய்வினை, சூனியம், ஏவல், வசியம் என்று இன்று நம் தோட்டப் புறங்களிலும் பட்டணங்களிலும் பணங்கொடுத்து வாங்கப்படும் பொருள், நம் முன்னோர் நமக்கு வைத்துப்போன முதுசொந்தானா? அல்லது முதுசொத்தின் போர்வையை உடுத்து வந்த புதுச்சரக்கா? இவ்வாரம் அதனையே சற்று ஆராய்வோம். ஆராயுமுன், என் வீட்டில் நடந்த கதையொன்றைச் சொல்லிவிடுகிறேன்.

*

1972ஆம் ஆண்டு. நமுனுகுலை மலைச் சாரலில் உள்ள தோட்டமொன்றில், பத்துக் காம்பரா லயமொன்றின் நான்காம் காம்பராவில் நாங்கள் குடியிருந்தோம். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. அக்காவுக்குப் பதினேழு வயது. கொழுந்து எடுக்கப் பேர் பதிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

ஐந்தாம் காம்பராவில் ஓர் அத்தை இருந்தார். இரத்த உறவு இல்லை. லயத்திலே பிறந்த உறவு. அம்மி எங்களுடையது, குழவி அவர்களுடையது. எங்கள் பழைய குழவி உடைந்துபோன நாளில் அவர் தம் குழவியைக் கொண்டுவந்து எங்கள் அம்மியின்மேல் வைத்து, "இனி ரெண்டு வீட்டுக்கும் ஒரே அரைப்பு" என்றார். அன்று முதல் இரு வீட்டு மிளகாயும் ஒரே கல்லில்தான் அரைபட்டது.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் அக்காவின் போக்கு மாறத் தொடங்கிற்று. மலையேறினால் மூச்சு வாங்கும். பெரட்டுக்களத்தில் நிற்கையிலேயே கண் இருண்டு உட்கார்ந்துவிடுவாள். முகம் வெளுத்தது. ஒருநாள் இரவு அடுப்படியில் குந்தியிருந்து, அடுப்பு மண்ணைக் கிள்ளித் தின்றுகொண்டிருந்தவளை அப்பாயி பார்த்துவிட்டார். மண்ணைத் தின்னும் குமரிப்பெண்! அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? "இது நோயில்லை, புள்ளையை என்னமோ பிடிச்சிருக்கு" என்று அப்பாயி தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

முதலில் எங்கள் தோட்டத்துக் கோடாங்கி வந்தார். அவரும் எங்களைப்போல் பேர் போடுகிறவர்தான். உடுக்கையடித்துப் பாடி, வேப்பிலை வீசித் திருநீறு போட்டுவிட்டு, "காத்துக் கருப்பு பட்டிருக்கு, மாரியம்மனுக்கு நேர்ந்துக்குங்க, ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போங்க" என்று சொல்லி, வெற்றிலை பாக்கோடு கால்படி அரிசி வாங்கிக்கொண்டு போனார். அப்பாயிக்கு அது போதவில்லை. யாரோ சொல்லக் கேட்டு, பட்டணத்திலிருந்து மந்திரவாதி ஒருவரை வரவழைத்தார்கள். அவருக்குக் கொடுக்க அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று.

அவர் மை போட்டுப் பார்த்தார். "செய்வினை வைத்திருக்கிறது. வைத்தவர் தூரத்தில் இல்லை, ஒரே கூரையின் கீழ் இருக்கிறார், பெண்பிள்ளை" என்றார். பெயர் சொல்லவில்லை. பெயர் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஒரே கூரையென்றால் பத்துக் காம்பராதானே! பிறகு வாசலில் ஓரிடத்தைக் காட்டித் தாமே தோண்டி, ஒரு சிறு போத்தலை வெளியே எடுத்தார். உள்ளே தலைமயிர்ச் சுருள், ஊசி குத்திய எலுமிச்சங்காய், எழுத்துக் கீறிய செப்புத் தகடு. "மூன்று வருஷமாக மண்ணுக்குள் இருந்த பொருள்" என்று உயர்த்திக் காட்டினார். லயமே வாயடைத்து நின்றது.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். எங்கள் செப்புக் குடத்தை வெள்ளிக்கிழமை தோறும் புளி போட்டுத் துலக்குவது என் வேலை. ஒரு வாரம் தவறினால் கறுத்துவிடும். மூன்று வருஷம் மண்ணில் கிடந்த தகடு மட்டும் எப்படிப் புதுக்காசுபோல் மின்னுகிறது? அப்பாயியின் முந்தானையை இழுத்து இதைக் கேட்டேன். "சாமி விஷயத்துல வாயை வைக்காதே!" என்று தலையில் ஒரு குட்டு விழுந்தது. ஊசி குத்திய எலுமிச்சங்காய் மூன்று வருஷம் அழுகாமல் இருந்ததை யாருமே கேட்கவில்லை.

மறுநாள் காலை அம்மி வெறுமையாய்க் கிடந்தது. அத்தை தம் குழவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எவரும் அவரை நேரிற் குற்றஞ்சாட்டவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அவர் பிள்ளைகளுக்குச் சோறு போடுவது நின்றது. பீலிக்கரையில் அவர் வந்தால் மற்றப் பெண்கள் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். அரைச் சுவருக்கு அப்பால் அவர் இராப்பொழுதில் அழுவது எங்களுக்குக் கேட்கும். கேட்டும் கேளாதவர்களாய்ப் படுத்திருப்போம்.

*

இனிக் கதையைச் சற்று நிறுத்திவிட்டு, இப்பழக்கத்தின் வேரைத் தேடுவோம்.

தமிழரிடையே தெய்வமேறி ஆடுதலும் குறி கேட்டலும் மிகப் பழையவை. சங்கப் பாடல்களிலே வெறியாடல் என்றொரு துறை உண்டு. காதல் நோயால் மகள் மெலிகிறாள். தாய் அதனை அறியாள். கட்டுவிச்சி முறத்தில் நெல்லைப் பரப்பிக் குறி பார்க்கிறாள். வேலன் கழங்கு உருட்டுகிறான். "முருகன் அணங்கினான்" என்று முடிவாகிறது. களம் இழைத்து, மறியறுத்து, இரவு முழுதும் வெறியாட்டு நிகழ்கிறது. நம் தோட்டத்து உடுக்கையும் வேப்பிலையும் இந்த வேலனின் பேரப்பிள்ளைகள் என்றால் அது மிகையாகாது.

மாணவர்கள் இங்கே கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. அந்தப் பாடல்களைப் பாடிய புலவர்களே இச்சடங்கை நகைமுகத்தோடுதான் பார்க்கிறார்கள். நற்றிணையிலே ஒரு தோழி, நோய்க்குக் காரணம் தானல்லன் என்று தெரிந்தும் வெறிக்களத்துக்கு வந்துவிட்ட முருகனையே, நீ கடவுளாயினும் அறியாமை உடையவன்போலும் என்ற கருத்துப்படக் கேலி செய்கிறாள். குறுந்தொகையிலே இன்னொருத்தி, இந்தப் பலியை அவள் காதலனின் மார்பும் உண்ணுமா என்று வேலனைக் கேட்கிறாள். ஆக, பகுத்தறிந்து கேள்வி கேட்பது மேல்நாட்டாரிடம் நாம் இரவல் வாங்கிய குணமன்று. வேலன் எவ்வளவு பழையவனோ, அவனைக் கேள்வி கேட்ட தோழியும் அவ்வளவு பழையவள்.

இன்னொன்றையும் நோக்குக. வெறியாடலிலே தெய்வம் உண்டு, நோயாளி உண்டு, ஊர் உண்டு; "உன் பக்கத்து வீட்டுக்காரி செய்தாள்" என்ற சொல் மட்டும் இல்லை. பகைவனை அழிக்கும் மாந்திரிகம் வேறொரு கிளை. அதர்வ வேதத்திலே அபிசாரம் எனப்பட்ட அதனைப் பிற்கால மந்திர நூல்கள் வசியம், மோகனம், தம்பனம், உச்சாடனம், ஆகருடணம், வித்துவேடணம், பேதனம், மாரணம் என எட்டாக வகுத்துச் சொல்லும். இவ்விரு கிளைகளும் காலப்போக்கில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. ஆயினும் நோய் தீர்க்கும் பூசாரியையும் கேடு சூழும் மந்திரவாதியையும் நம் கிராமத்து மக்கள் வேறு வேறாகவே கருதி வந்தனர்.

*

19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கங்காணிமாரின் பின்னே வந்த நம் முன்னோர், மூட்டை முடிச்சோடு தெய்வங்களையும் சுமந்து வந்தனர். மாரியம்மன், மதுரைவீரன், முனியாண்டி, மாடசாமி, கருப்பண்ணசாமி என்று கிராமத்துத் தேவதைகளெல்லாம் மலையேறின. மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டுவழியே நடந்து வந்த பயணத்தில் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் எத்தனையோ பேர் வழியிலேயே மாண்டனர். முறைப்படி கருமம் செய்யப்படாத சாவுகள் அவை. மலையகத்துப் பேய்க்கதைகள் பலவற்றின் அடியில் இந்தத் துக்கமும் இருக்கிறது என்பது என் எண்ணம்.

வந்த இடத்தில் புதுத் தெய்வங்களும் பிறந்தன. கவ்வாத்து வெட்டுமுன் கும்பிடக் கவ்வாத்துச் சாமி. தேயிலை ஸ்டோரின் சக்கரத்துக்கு ரோதை முனி. கை கால்களை இழுத்து நசுக்கக்கூடிய இயந்திரத்தை முதன்முதலிற் கண்ட மனிதன், அதற்கும் ஒரு முனியை நியமித்துத் தேங்காய் உடைத்தான். இதனை மூடத்தனம் என்று சொல்லி நகைப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. காப்பு எதுவுமின்றி இயந்திரத்தின் முன் நிறுத்தப்பட்டவன், தனக்குத் தெரிந்த காப்பைத் தேடிக்கொண்டான். மரபு என்பது கல்லிலே செதுக்கியது அன்று. தேவைக்கேற்ப அதுவும் தளிர்விடும்.

நம்மைச் சூழ்ந்திருந்த ஊவாவின் சிங்களக் கிராமங்களிலும் இதற்கீடான மரபு இருந்தது. தொவில் என்னும் சடங்கில் முகமூடியணிந்த பேய்கள் இரவு முழுதும் ஆடும். நோய்க்கொன்றாகப் பதினெட்டுச் சன்னி யக்ஷர் உண்டு. பேய் வந்து பயமுறுத்தும். பிறகு மேளக்காரனோடு வாதாடி, அசட்டுப் பதில் சொல்லி, ஊரார் நகைக்கத் தோற்றுப்போகும். புரூஸ் கப்பரர் என்னும் மானிடவியலறிஞர் 1983இல் வெளியிட்ட நூலிலே, அந்தச் சிரிப்பே தனிமையிற் கிடந்த நோயாளியை மீண்டும் மனிதர் கூட்டத்துக்குள் இழுத்து வருகிறதென்று விளக்கியிருக்கிறார். சூனியம் நீக்கும் சடங்குக்கு அவர்களும் சூனியம என்றே பெயரிட்டுள்ளனர். மகாசம்மத மன்னனின் தேவி மாணிக்கபாலைக்கு ஏற்பட்ட முதற் சூனியத்தை ஒட்டிசன் என்பான் நீக்கிய கதை அதிலே நடிக்கப்படும்.

கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறையிருந்து தப்பிச் சென்ற ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலிலே, தேங்காயை மந்திரித்துத் திருடனின் தடத்தைப் பிடிக்கும் வழக்கத்தை எழுதிவைத்திருக்கிறார். இன்றைக்கும் நகை தொலைந்தால் மை போட்டுப் பார்க்க ஓடுகிறவர்கள், அந்தத் தேங்காயின் பின்னாலேதான் ஓடுகிறார்கள்.

இவ்விடத்தில் ஒரு வேடிக்கை. லயத்துத் தமிழர் "சிங்களக் கட்டாடி செய்தால் தப்பாது" என்பர். கிராமத்துச் சிங்களவரோ தமிழ்க் காளிகோயிலுக்கு வந்து தேங்காய் உடைப்பர். இருவருமாகச் சேர்ந்து "மலையாள மந்திரமே பெரிது" என்பர். மந்திரத்தின் வலிமை எப்போதும் அடுத்தவன் வீட்டிலேதான் இருக்கிறது! நமக்குப் புரியாத மொழியே நமக்கு மந்திரமாகிறது போலும்.

*

உலகத்தின் மறுகோடியிலும் இதேபோல ஒரு சங்கதி உண்டு; அதற்கு நம் மலைநாட்டோடு தொடர்பும் உண்டு என்பது பலர் அறியாதது.

இங்கிலாந்திலே இன்று "விக்கா" என்னும் பெயரில் சூனியக்காரர் சமயம் ஒன்று வெளிப்படையாக இயங்குகிறது. அதனை உலகறியச் செய்தவர் ஜெரல்ட் கார்ட்னர் என்பவர். 1884இல் பிறந்த இவர், 1900ஆம் ஆண்டில், பதினாறு வயதுப் பையனாக இலங்கைக்கு வந்தார். மஸ்கெலியாவிலே தேயிலைத் தொழில் பழகினார். பின்னர் ஹோர்ட்டன் சமவெளிக்குக் கீழேயுள்ள நொன்பரீல் தோட்டத்தில் வேலை பார்த்தார். "உலக முடிவு" என்னும் செங்குத்து விளிம்பில் நின்று கீழே பார்ப்பவர்கள் காண்பது அந்தத் தோட்டத்தைத்தான். ஊவாவின் எல்லைக்கு மிக அண்மையது அது. 1908இல் அவர் போர்னியோவுக்குப் போய்விட்டார். ஒரு காலத்தில் நம் பாட்டன்மார் பெரட்டுக்களத்தில் சலாம் போட்ட சின்னதுரைமாரில் ஒருவர், பிற்காலத்தில் மேல்நாட்டுச் சூனியக்காரருக்கெல்லாம் குருவானார்!

இங்கிலாந்தின் 1735ஆம் ஆண்டுச் சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. மூன்றாண்டு கழித்து, 1954இல், கார்ட்னர் தம் நூலை வெளியிட்டார். கிறிஸ்தவத்துக்கு முற்பட்ட புராதன சமயமொன்று மறைவாகப் பிழைத்து வந்திருப்பதாகவும், தாம் அதிற் சேர்ந்ததாகவும் அதிற் கூறினார். மார்கிரட் மரே என்னும் அறிஞர் 1921இல் வெளியிட்ட கொள்கை அதற்குத் துணைநின்றது. ஆனால் பின்வந்த வரலாற்றாசிரியர்கள் அதனை ஏற்கவில்லை. ரொனால்ட் ஹட்டன் 1999இல் எழுதிய ஆய்வு நூலிலே, இந்தச் சமயம் 20ஆம் நூற்றாண்டில், பழம் புத்தகங்களிலிருந்தும் இரகசியச் சங்கங்களின் சடங்குகளிலிருந்தும் தொகுத்து உருவாக்கப்பட்டதென விரிவாகக் காட்டினார்.

விக்காவைச் சேர்ந்தோர் பலர் பிறருக்குத் தீங்கு நினைப்பதைத் தம் சமயம் தடுப்பதாகச் சொல்வர். அவர்களைப் பழிப்பது என் நோக்கமன்று. புதியது ஒன்று பிறக்கும்போது, மரியாதை பெறுவதற்காகப் பழைய வேட்டியைக் கட்டிக்கொண்டு வருகிறது என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம்.

*

அதே கண்ணோடு நம் நாட்டைப் பார்ப்போம். படிப்பும் பட்டணமும் பெருகினால் சூனியம் குறையும் என்றுதான் எல்லோரும் எண்ணியிருந்தனர். பேராசிரியர் கணநாத் ஒபயசேகர கண்டது வேறு. முறிகண்டி, கதிர்காமம் என்று வேண்டுதலுக்குப் போவதைப்போல, பழிவாங்குவதற்கென்றே முன்னேஸ்வரத்துக் காளியிடமும் சீனிகமைத் தேவாலயத்துக்கும் மக்கள் செல்வதுண்டு. அத்தகைய சூனியத் தலங்களைப் பற்றி அவர் 1975இல் கட்டுரை எழுதினார். கத்தியைத் தூக்க வேண்டிய ஆத்திரம் அங்கே தேங்காயுடைத்துத் தணிக்கப்படுகிறது என்பது அவர் கருத்து. ரிச்சர்ட் கொம்பிரிச்சோடு சேர்ந்து 1988இல் வெளியிட்ட நூலிலே, ஒருகாலத்தில் வெறும் பேயாக இருந்த ஹூனியம், கொழும்பு நகரத்து நெருக்கடி வாழ்விலே தெய்வமாக உயர்ந்துவிட்டதைக் காட்டினார். அயலான் யாரென்று அறியாத நகர வாழ்வு, வேலைப் போட்டி, கடன் தொல்லை, நிச்சயமற்ற நாளை என்பனவே புதிய சூனியத்துக்கு உரம்.

இன்று அது இன்னும் வளர்ந்திருக்கிறது. "வசியம், தொழில் முடக்கம், கணவன் மனைவி பிரிவு, 24 மணி நேரத்தில் தீர்வு" என்று விளம்பரம் வருகிறது. கைத்தொலைபேசியிலே புகைப்படத்தை அனுப்பினாற் போதும். பணம் வங்கிக் கணக்குக்குப் போய்ச் சேரும். கால்படி அரிசி வாங்கிய கோடாங்கிக்கும் இவருக்கும் என்ன உறவு?

கோடாங்கி நம் லயத்திலே வாழ்ந்தவர். பொய் சொன்னால் மறுநாள் பெரட்டிலே முகங்கொடுக்க வேண்டியவர். இவருக்கோ முகமும் இல்லை, ஊரும் இல்லை. அவர் உடுக்கையடித்தால் லயமே கூடியிருந்து நோயாளிக்காக இரங்கும். இவரிடம் போவதோ கதவைச் சாத்திக்கொண்டு இரகசியமாக. அவர் தெய்வத்தைச் சமாதானப்படுத்தினார். இவர் பகைவனைச் சுட்டிக்காட்டுகிறார். பெயர் மட்டுமே பழையது. சரக்கு முழுதும் புதியது.

*

"அப்படியானால் செய்வினை பலிப்பதே இல்லையா?" என்று கேட்பீர்கள். நேர்மையான விடை இது: மந்திரம் பலிப்பதில்லை, பயம் பலிக்கும்.

வோல்டர் கனன் என்னும் அமெரிக்க உடற்றொழில் விஞ்ஞானி 1942இல் இதுபற்றி எழுதினார். தனக்குச் சாபம் இடப்பட்டுவிட்டதென முழுமையாக நம்புகிறவனின் உடல், தீராத பெரும் அச்சத்தின் பிடியிலே சிதைகிறது. ஊண் உறக்கம் ஒழிகிறது. சுற்றத்தாரும் அவனைச் செத்தவனாகவே பாவித்து விலகிவிட்டால் மரணமும் நேரலாம் என்று அவர் விளக்கினார். சூனியத்தின் விஷம் புதைத்த போத்தலிலே இல்லை. அதைத் தோண்டியெடுத்துக் காட்டுகிற கணத்திலே ஏறுகிறது.

இதற்கு மறுதலையான சோதனையும் நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. கேரளத்திலே 1898இல் பிறந்து, இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் விஞ்ஞானம் கற்பித்த ஆபிரகாம் கோவூர், இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தை நடத்தியவர். ஏமாற்றுக்கு இடமில்லாத நிலையில் அற்புதம் ஒன்றைச் செய்து காட்டுவோருக்கு ஓர் இலட்சம் ரூபா தருவதாக 1963இல் அறைகூவினார். முடியுமானால் மந்திரத்தால் தம்மைக் கொல்லுமாறும் சூனியக்காரர்களை அழைத்தார். பரிசை வென்றவர் எவருமில்லை. எண்பது வயதளவும் வாழ்ந்து, 1978இல் நோயுற்று அவர் காலமானார்.

எனினும், விஞ்ஞானம் சொன்னவுடன் மக்கள் ஏன் விட்டுவிடுவதில்லை? ஆபிரிக்காவின் அசாண்டே மக்களைப் பற்றி எவன்ஸ் பிரிச்சாட் 1937இல் எழுதிய நூலில் இதற்கு விடையுண்டு. தானியக் களஞ்சியம் சரிந்து அடியில் இருந்தவர்மேல் விழுகிறது. தூண்களைக் கறையான் அரித்தது என்று அவர்களுக்கும் தெரியும். அவர்கள் கேட்பது, நான் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில் ஏன் விழுந்தது என்பதே. "எப்படி" என்பதற்கு விஞ்ஞானம் விடை சொல்லும். "எனக்கு ஏன்?" என்னும் அழுகைக்கு மருந்துச் சீட்டில் விடையில்லை. அந்த வெற்றிடத்திலேதான் மந்திரவாதி நுழைகிறான். அங்கே முதலில் நாம் நுழைய வேண்டும். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் சொல்வதைக் கேட்க வேண்டும்.

இல்லையேல் அதன் முடிவு கொடியது. ஐரோப்பாவிலே 15ஆம் நூற்றாண்டு முதல் 18ஆம் நூற்றாண்டு வரை சூனியக்காரரென்று குற்றஞ்சாட்டிக் கொல்லப்பட்டோர் நாற்பதாயிரம் முதல் ஐம்பதாயிரம் வரை என்று வரலாற்றாசிரியர் கணிக்கின்றனர், பெரும்பாலோர் பெண்கள். அயல்நாடாகிய இந்தியாவிலே, பெண்ணைச் சூனியக்காரி என்று பழிப்பதைத் தடுக்கப் பீகார் 1999இலும் ஜார்க்கண்ட் 2001இலும் சட்டமியற்ற நேர்ந்தது. மகாராஷ்டிரத்திலே அத்தகைய சட்டத்துக்காகப் பல ஆண்டுகள் போராடிய மருத்துவர் நரேந்திர தபோல்கர் 2013இல் சுட்டுக்கொல்லப்பட்ட பின்னரே சட்டம் வந்தது. எங்கும் குற்றஞ்சாட்டப்படுகிறவள் பெரும்பாலும் ஏழை, விதவை, அல்லது பக்கத்து வீட்டுக்காரி.

*

எங்கள் கதையின் மீதியைச் சொல்கிறேன்.

போத்தலை எடுத்து, கழிப்புக் கழித்து, தாயத்துக் கட்டியும் அக்காவுக்குச் சுகமில்லை. ஒருநாள் மலையிலே கூடையோடு விழுந்துவிட்டாள். தூக்கிக்கொண்டு வந்தவர்கள் நேராகத் தோட்டத்து டாக்டர் ஐயாவிடம் போனார்கள். அவர் அவளுடைய கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார், காகிதம்போல் வெளுத்திருந்தது. "மண் தின்கிறாளா?" என்று அவரே கேட்டார். அம்மா திகைத்துப்போனாள். மை போடாமலே இவருக்கு எப்படித் தெரிந்தது?

கொக்கிப் புழுதான் காரணம். வெறுங்காலோடு நடப்பவரின் பாதத்தின் வழியே மண்ணிலிருந்து உடலுக்குள் ஏறிக் குடலிலே தங்கி இரத்தத்தை உறிஞ்சும் புழு அது. இரத்தத்திலே இரும்புச் சத்து குன்றினால் மூச்சு வாங்கும், கண் இருளும். சிலருக்கு மண்ணையும் பச்சரிசியையும் தின்னும் ஆசை பிறக்கும். நம் தோட்டங்களிலே இப்புழுவை ஒழிக்க றொக்பெல்லர் நிறுவனத்தார் 1916ஆம் ஆண்டிலேயே இயக்கம் நடத்தியிருந்தனர். அரை நூற்றாண்டுக்குப் பின்னும் எங்கள் லயத்துக்குப் போதிய மலகூடமும் இல்லை, கால்களுக்குச் செருப்பும் இல்லை. அக்காவின் இரத்தத்தைக் குடித்த பேய் எது என்று இப்போது விளங்குகிறதல்லவா?

புழு மருந்தும் இரும்புச் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். சில மாதங்களில் அக்காவின் முகத்தில் இரத்தம் திரும்பிற்று. ஆனால் ஐந்தாம் காம்பராவோடு போன பேச்சு திரும்பவில்லை. அப்பாயிக்கு வெட்கம், அப்பாவுக்கு வீம்பு, அம்மாவுக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

1964இல் செய்யப்பட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, அத்தையின் குடும்பத்துக்கு 1974இல் இந்தியா போகும் கடிதம் வந்தது. தலைமன்னாருக்குப் போகக் கோச்சியேற வேண்டிய நாள். விடியுமுன்னே அவர்கள் புறப்பட்டுவிட்டார்கள். நாங்கள் கதவைத் திறந்தபோது, வாசற்படியில் அந்தக் குழவி இருந்தது. நன்றாகக் கழுவித் துடைத்து வைத்திருந்தது.

"தொடாதே! போற போக்கில என்னத்தை வச்சிட்டுப் போயிருக்காளோ! ஆத்துல கொண்டுபோய்ப் போடுங்க!" என்று அப்பாயி பதறினார்.

அம்மா ஒன்றும் பேசவில்லை. குனிந்து குழவியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, உள்ளே போய் அம்மியின்மேல் வைத்து, அன்றைய மிளகாயை அரைக்கத் தொடங்கினாள். கண்ணில் நீர் வழிந்தது. மிளகாய்க் காரம் என்றுதான் நான் அப்போது நினைத்தேன்.

வாசக அன்பர்களே! மாரியம்மன் திருவிழாவுக்கு உடுக்கை ஒலிக்கட்டும். காமன் கூத்தும் நடக்கட்டும். ரோதை முனிக்கும் ஒரு தேங்காய் உடைபடட்டும். அவை நம்மைச் சேர்த்துவைத்த மரபு. ஆனால் "இதைச் செய்தது இன்னார்" என்று எவரேனும் விரலை நீட்டும்போது, அவ்விரல் மரபினுடையது என்று எண்ணி ஏமாறாதீர்கள். வீட்டிலே ஒருவர் மயங்கினால், மண் தின்றால், தனியே பேசினால், உறக்கமின்றிப் பிதற்றினால், திருநீறு பூசுவோர் பூசுங்கள். பூசிய கையோடு வைத்தியரிடமும் அழைத்துச் செல்லுங்கள். எங்கள் பழைய கோடாங்கியும் அதைத்தான் சொன்னார், நாங்கள்தான் கேட்கவில்லை.

மாணவ மணிகளுக்கு ஒரு சொல். பெரியவர்கள் ஒரு போத்தலைத் தோண்டியெடுத்து உயர்த்திக் காட்டுகையில், தகடு ஏன் மின்னுகிறது என்று கேட்க அஞ்சாதீர்கள். தலையில் ஒரு குட்டு விழலாம். அந்தக் கேள்வியை அன்று நான் இன்னும் கொஞ்சம் உரக்கக் கேட்டிருக்கலாமே என்ற வருத்தம், ஐம்பது ஆண்டு கழிந்தும் என்னை விடவில்லை.